குப்புறக் கிடக்கும் திறப்பு விழாக் கல்

இறக்காமத்துப் பக்கம், பிள்ளைகள் மிதிபடகு ஓட்டுவதற்காக மண்கட்டுப் போட்ட சின்னக் குளம் ஒன்று உண்டு. அதன் காவலாளி சாரனை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்தபடிதான் கட்டின் மேல் நடப்பார். கசிவை வெறுங்கால்தான் முதலில் அறியுமாம்.

அன்று கட்டின் அடியில் தண்ணீர் மண்ணைக் கரைத்துக் கலங்கி வந்தது. கீழே வீடுகள்.

"காக்கா, அரசாங்கக் கந்தோரில சொல்லலியா?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

"மூணு கந்தோருக்கும் போனன் தம்பி. எங்கட குளமில்ல எண்டுதான் எல்லாரும் கதைச்சாங்க. திறப்பு விழாக் கல்லில மட்டும் எல்லார்ர பேரும் இரிக்கி!"

அந்தக் கல்லைத் தேடினேன். பீடம் வெறுமையாக இருந்தது. அவர் செருப்பால் கசிவைக் காட்டினார். மண்மூட்டைகளுக்கு மேல், பெயர்கள் சேற்றில் புதைய, கல் பாரமாகக் குப்புறக் கிடந்தது.

"தன்ட குளம் எண்டு ஒருத்தன் வரட்டும், தூக்கிக் குடுக்கன்."

ஒரு மாரிகாலம் போய்விட்டது. கல் அங்கேயேதான் கிடக்கிறது.