நாலெழுத்துப் பெயர்கள்

எட்டுக் கீழ்க்கோடுகள். ஒன்றையடுத்து ஒன்றாக, இடைவெளியில்லாமல். அவற்றின் முடிவில் ஒரு புள்ளி, அதற்கப்பால் இது ஒரு படம் என்று சொல்லும் மூன்று ஆங்கில எழுத்துகள். பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகக் கணினியில் அதைப் பார்த்தேன். அன்றிலிருந்து, எந்தப் படிவத்திலும் ‘பெயர்’ என்ற சொல்லுக்கு எதிரே நீளும் கோட்டைக் கண்டால் என் பேனா ஒரு கணம் நின்றுவிடுகிறது. தபால் கந்தோரில் வரிசையில் எனக்குப் பின்னால் நிற்பவர்கள், இந்த ஆளுக்குத் தன் பெயரே மறந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் நரைத்த தலைமுடியும் அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கிறது.

அந்தக் காலத்தில் நான் ஹட்டன் நகரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே கணினி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். மாணவர்கள் வருவதைவிட ஒழுங்காக மேலே வந்தது பணிஸ் வாசனைதான். கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். ஆனால் தெரிந்ததைக் கறுப்புத் திரையில், எலியைத் தொடாமல், கட்டளைகளாகத் தட்டிக் காட்டினால் பார்ப்பவர்கள் நம்மை மேதை என்று நம்பிவிடுகிறார்கள் என்பதை வெகு சீக்கிரம் கண்டுபிடித்திருந்தேன். அதனால் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கணினிக்குக் காய்ச்சல் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒருவர்தான் பெரிய கிளாக்கர். அலுவலகத்தின் தலைமை எழுத்தர். கட்டையான மனிதர். வெயிலடித்தாலும் கழற்றாத நீல நிற ஸ்வெட்டர். எதையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அவருடைய வாழ்க்கையில் பெரும் பகுதி ஒரே ஒரு எதிரியோடு சண்டை போட்டே கழிந்தது. அந்த எதிரி, பழைய பதிவேடுகளில் நம்மவர்களின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி வைத்துவிட்டுப் போன யாரோ ஒருவர். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், ஏழாம் லயத்தில், மாரியாயி என்றொரு பெண் இருந்தாள். பிறப்புப் பதிவில் ஒரு மாதிரி, கல்யாணப் பதிவில் இன்னொரு மாதிரி, பிள்ளை பிறந்தபோது ‘மேரி’. “சேர், ஞானஸ்நானமே இல்லாம வேதத்துல சேத்துட்டானுங்க” என்று பெரிய கிளாக்கர் சொல்வார். சொல்லும்போது சிரிப்பார். ஆனால் இப்படிப் பெயர் மாறிப்போன பெண்கள், ஒரே ஆள்தான் தாங்கள் என்று நிரூபிக்க எத்தனை கந்தோர் படி ஏறினார்கள் என்பதைச் சொல்லும்போது சிரிக்கமாட்டார்.

அடையாள அட்டைக்காகத் தோட்டத்துப் பெண்களையெல்லாம் அவர்தான் படம் எடுத்தார். சொந்தக் கெமரா. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துச் சுவரில், வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி, கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த பெண்களை ஒவ்வொருவராக நிற்க வைத்தார். அவர்களில் பலருக்கு வாழ்நாளில் எடுத்த முதல் படம் அது. சிரிக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருந்ததால் எல்லோரும் ஏதோ குற்றம் செய்தவர்கள் போலவே இருப்பார்கள். அச்சிட்ட பிரதிகள் விண்ணப்பங்களோடு கொழும்புக்குப் போய்விட்டன. மூலப் படங்களை அவர் கணினியில் லயத்துக்கு ஒரு கோப்புறையாகப் பிரித்து வைத்தார். கோப்புறைக்கு லயத்தின் இலக்கம். ஒவ்வொரு படத்துக்கும் அந்தப் பெண்ணின் பெயர், தமிழில். தமிழில் தட்டெழுதுவதற்காகவே என்னிடம் மூன்று வாரம் பாடம் கேட்டார். “நம்ம எழுத்துல எழுதிப்புட்டா இனி ஒரு பயலும் மாத்த முடியாதுங்க சேர்.” அந்த வாசகத்தை நான் பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவர் சொல்லாதபோதும்.

சில வருடங்கள் கழித்து அவர் ஓய்வு பெறும் மாதத்தில் அலுவலகத்துக்குப் புதுக் கணினி வந்தது. பழையதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றித் தரும்படி என்னைக் கூப்பிட்டார். ஒரு பென் டிரைவ் போதும் என்று சின்னக் கிளாக்கர் சொன்னார். எனக்கு அது, கல்யாணச் சமையல்காரனிடம் முட்டை அவிக்கச் சொன்னதுபோல் இருந்தது. இரண்டு கணினிகளையும் கம்பியால் இணைத்து, கோப்பு அனுப்பும் ஒரு பழைய கட்டளைச் செயலியைத் திறந்தேன். வெளியே மழை. மதியச் சாப்பாட்டை மறந்து பெரிய கிளாக்கர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். ஒரு லயத்தின் கோப்புறைக்குள் போய், எல்லாவற்றையும் அனுப்பு என்றேன். செயலி ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று, அதன் பெயரைக் காட்டி, ‘இதை அனுப்பவா?’ என்று கேட்க ஆரம்பித்தது. மரியாதையான செயலி. முதல் கேள்வியைப் படிக்காமலே ‘ஆம்’ என்று தட்டினேன். அடுத்ததற்கும். எனக்கோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற அவசரம். கேள்வி கேட்காதே என்று சொல்வதற்கும் அதில் ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டினேன். பிறகு வரிகள் அருவி மாதிரி ஓடின. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘அனுப்பி முடிந்தது’. பெரிய கிளாக்கர் “அடேயப்பா” என்றார். அந்த ‘அடேயப்பா’வுக்காகத்தான் அவ்வளவும். நான் எதையும் எண்ணிப் பார்க்கவில்லை. பழைய கணினியை அன்று மாலையே சுத்தமாக அழித்துக் கொடுத்தேன். அதையும் கட்டளையில்தான் செய்தேன்.

பெரிய கிளாக்கர் ஓய்வுபெற்றுப் போனார். புதிதாக வந்தவர்களுக்கு அந்தப் படங்களால் வேலையில்லை. அவை திறக்கப்படாமலே கிடந்தன.

போன வருடத்துக்கு முந்திய வருடம் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரல் மெலிந்திருந்தது. மாரியாயியின் மகள் வந்திருக்கிறாளாம். மாரியாயி, படம் எடுத்த மறுவருடமே மலையில் குளவி கொட்டி இறந்துபோனவள். பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. கினிகத்தேனையில் சித்தி வீட்டில் வளர்ந்து, இப்போது இதே தோட்டத்துப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். தாலி கட்டிக்கொள்ளப் போகுமுன் தாயின் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட வேண்டும். அடையாள அட்டை வருமுன்பே மாரியாயி போய்விட்டதால் வீட்டில் படம் இல்லை. தாயின் முகமும் அவளுக்கு நினைவில்லை.

நாங்கள் மூவரும் அலுவலகத்துக்குப் போனோம். “ஏழாம் லயந்தானேங்க, நானே பேர் போட்டு வச்சேன்” என்று பெரிய கிளாக்கர் நிச்சயமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏழாம் கோப்புறையைத் திறந்தேன். பெயர் என்று ஒன்றுமே இல்லை. ஆறு கீழ்க்கோடுகள் ஒரு படம். ஏழு கீழ்க்கோடுகள் ஒரு படம். எட்டு, ஒரு படம். ஒன்பது, ஒரு படம். இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் வாழ்ந்த லயம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தப் பழைய செயலிக்குத் தமிழ் தெரியாது. தெரியாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கோடு போட்டிருக்கிறது. மாரியாயி நமக்கு நாலெழுத்து. அதற்கோ உயிர்மெய்யின் உடல் வேறு, காலும் கொக்கியும் வேறு. எல்லாம் சேர்ந்து எட்டு. காமாட்சியும் எட்டு. செல்லாயியும் மீனாட்சியும் முத்தாயியும் எட்டு. ஒரே பெயரில் அடுத்த படம் வந்தால் முந்தியதை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார வைக்கும். அகரவரிசையில் அனுப்பியிருக்கிறது. காமாட்சியைச் செல்லாயி அழித்தாள், செல்லாயியை மாரியாயி, மாரியாயியை மீனாட்சி. கடைசியாக வந்தவள் மிச்சம். மற்றவர்கள் உயிரோடு இருப்பதால் தங்கள் படம் தொலைந்தது அவர்களுக்கே தெரியாது.

பெரிய கிளாக்கரின் காதோடு இதைச் சொன்னேன். “தமிழ்ல எழுதினதுக்கா?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அதற்குள் அந்தப் பெண், “கெடைச்சிருச்சாங்க ஐயா?” என்று எட்டிப் பார்த்தாள். திரையில் எட்டுக் கோட்டுப் படம் திறந்து கிடந்தது. வெள்ளை விரிப்பின் முன்னால் ஒரு பெண், நெற்றியில் பெரிய பொட்டு, மழையில் நனைந்த தலை.

“இதுவா எங்கம்மா?”

பெரிய கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டரில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு படத்தை ஒரு தடவை பார்த்தார், அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். எதையும் இரண்டு முறை படிக்கிற மனிதர் அல்லவா.

“ஆமா கண்ணு. உங்கம்மாதான்.”

அவளை அனுப்பிவிட்டுத் திரும்பி வரும் வழியில், தழைந்த குரலில் அவராகவே சொன்னார். “அது முத்தாயி. மாரியாயிக்கு அடுத்த காம்பராவுல குடியிருந்தவ. இப்ப வலப்பனையில மகனோட இருக்கா.”

“அப்ப ஏன் ஐயா…”

“வேற என்ன சொல்லச் சொல்றீங்க? உங்கம்மா பேர நான் தப்பில்லாம எழுதினேன், அதனாலதான் உங்கம்மா காணாமப் போயிட்டாங்கன்னா?”

நானல்லவா சொல்லியிருக்க வேண்டும், கேள்வி கேட்காதே என்றது நான்தான் என்று. சொல்லவில்லை. தேயிலைக்கு மருந்தடித்திருப்பதைப் பற்றி ஏதோ பேசினேன். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு அவர் காலமானார். இந்த விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்றானது.

கல்யாணத்தன்று காலை, லயத்துக் காம்பராவில் கால் வைக்க இடமில்லை. சுவரோரம் முக்காலியில் படம், பெரிதாக்கி, சட்டமிட்டு, மல்லிகை மாலை போட்டு, முன்னால் விளக்கு. நான் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ, “வலப்பனையிலருந்து முத்தாயிக்கா வந்திருக்காங்க” என்றார்கள்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். முடி நரைத்திருந்தது, பொட்டு அதே அளவு. முகத்தில் படத்தை மறைக்கும் அளவுக்கு வயது ஏறியிருந்ததால் வேறு யாரும் கவனிக்கவில்லை. தடுக்க நினைத்து எழுந்தேன். எழுந்தவன் ஒரு பிள்ளையின் தேநீரைத் தட்டிவிட்டேன், அதோடு என் வீரம் முடிந்தது. மணப்பெண் அவர் கையைப் பிடித்துப் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“பெரியம்மா, எங்கம்மா. ஒங்களுக்குத் தெரியும்ல?”

முத்தாயி பார்த்தார். மாலையைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். உயிரோடு இருக்கும் ஒருவர் தமக்கு ஏற்றிய விளக்கின் முன்னால் நிற்கிறார்.

“தெரியாமயா?” என்றார். “ஒரே நெரையில நின்னு கொழுந்தெடுத்தவங்கல்ல நாங்க. போட்டோவுல சரியா விழல கண்ணு. நேர்ல உங்கம்மா இன்னும் நெறம். சிரிச்சா இந்தா, இந்தக் கன்னத்துல குழி விழும். ஒனக்கு விழுதே, இதேதான். பேசுறப்ப மூக்கச் சுருக்குவா. நீ சுருக்குவியா?”

“சுருக்குறா, சுருக்குறா” என்று மாப்பிள்ளையின் அக்கா சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். முத்தாயி விளக்கடியில் இருந்த திருநீற்றை எடுத்து அந்தப் பெண்ணின் நெற்றியில் பூசினார். அவள் படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டாள். முத்தாயி பக்கத்தில் நின்றதால் அது எந்த முத்தாயிக்கு என்று சொல்ல முடியாது.

பிறகு, மலைத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் முத்தாயி என்னைப் பிடித்தார். “யாரு பாத்த வேல இது?” சொன்னேன். இந்த முறை முழுவதையும் சொன்னேன். அவர் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஆத்தாடி, உசுரோட இருக்கறப்பவே மால போட்டு வெளக்கும் ஏத்திப்புட்டீங்களே சேர்!” சிரிப்பு நின்றதும் கேட்டார், “கிளாக்கரய்யா தெரிஞ்சுதான் சொன்னாரா?”

“தெரிஞ்சுதான்.”

“அப்ப இருக்கட்டும். நான் செத்த பெறகு அவகிட்டச் சொல்லுங்க. அதுவரைக்கும் அது மாரியாயி.”

அன்றிலிருந்து தெரியாத எண்ணில் அழைப்பு வந்தால், வலப்பனையிலிருந்து அந்தச் செய்திதானோ என்று நாலைந்து மணி அடித்த பிறகே எடுக்கிறேன். போன மாதம் ஒன்று வந்தது. எடுத்தால், முத்தாயியேதான்.

“புள்ள எப்பிடி இருக்கா சேர்? படத்துக்கு மால காஞ்சா மாத்துறாளா?”

“வாரா வாரம் மாத்துறா. டவுனிலிருந்து மல்லிகை வாங்கிட்டுப் போறா.”

“ஐயோ, மல்லி வேணாம்னு சொல்லுங்க. மாரியாயிக்கு அந்த வாசம் ஆகாது, தலவலி வந்துரும். பீலிக்கரையில பூக்குமே மஞ்சச் செவ்வந்தி, அதத்தான் தலையில வைப்பா.”

மாரியாயியின் மகளிடம் அதைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பஸ் ஏறிப் பூண்டுலோயாவுக்குப் போய், லயத்துப் படியேறி, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் மல்லிகையைக் கழற்றிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பீலிக்கரைக்கு இறங்கினாள்.