சேலையை வைத்துப் பிரித்த ஆல்பங்கள்

எங்கள் வீட்டுக் கல்யாணப் படங்களைப் போட்டுவைத்திருந்த இணையதளத்தை மூடப்போகிறார்களாம். இன்று காலை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் வேறொரு தளத்துக்கு மாற்றினார் என் கணவர்; பக்கத்தில் நான்.

படங்கள் பத்திரமாக வந்துவிட்டன. ஆல்பம் பெயர்கள்தான் வரவில்லை. தேதியும் எல்லாவற்றுக்கும் இன்றைய தேதி.

“எது யார் கல்யாணம்னே தெரியலமா, எல்லாம் கலந்துக்கினு இருக்குது” என்று தலையில் கை வைத்துவிட்டார்.

“கொஞ்சம் நகருங்க” என்றேன்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் எங்கள் தறியிலேயே புதுச்சேலை நெய்து கட்டுவோம். அரக்குச் சேலை என்றால் அக்கா கல்யாணம், மாம்பழ நிறம் என்றால் தம்பி கல்யாணம். மதியத்துக்குள் பிரித்துவிட்டேன்.

மிச்சம், இவர் தனியாக நிற்கிற படங்கள். எல்லாவற்றிலும் அதே நீலச் சட்டை.

எதை எந்தக் கல்யாணத்தில் சேர்ப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவருக்கே தெரியவில்லை.