சேத்தூர் வென்றான்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு மேசை விசிறிதான் இருந்தது. அது அப்பாவுக்கு இல்லை, அம்மாவுக்கு இல்லை, எனக்குச் சத்தியமாக இல்லை. மாமாவின் ஆம்ப்ளிஃபயருக்கு. பெட்டி சூடானால் சத்தம் கெட்டுப்போகுமாம். மில்லில் ஷிப்டு முழுக்கப் பஞ்சுத் தூசியில் நின்றுவிட்டு வரும் அப்பா, ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே அந்தப் பெட்டியை முறைத்துப் பார்ப்பார். அம்மாவின் ஒரே தம்பி என்பதால் வாயைத் திறக்க மாட்டார்.

எண்பதுகளின் நடுவில் மாமா ராஜபாளையத்தில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் தெருமுனையில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி ரெக்கார்டு போட்டால்தான் விசேஷ வீடு என்று ஊர் ஒத்துக்கொள்ளும். ரெக்கார்டு போடுகிறவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். மாமா அவர்களில் ஒருவர் இல்லை. அவர் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தத்தைக் குறைத்துவிட்டு மைக்கில் புகுந்துவிடுவார். தாளம் தப்பாமல் பேசுவார். "பந்தக்காலப் புடிச்சிக்கிட்டு நிக்கிற பெரியப்பா, காலு ஆடுதே, ஆளு ஆடக்கூடாதா?" என்பார். பெரியப்பா வெட்கப்பட்டுக்கொண்டே ஆடுவார். அவர் ஆடிய பிறகு மொத்தப் பந்தலும் ஆடும். மாமாவுக்குத் தேதி கிடைத்த பிறகுதான் முகூர்த்தத் தேதியே குறித்தார்கள் என்று அம்மா பெருமை பேசுவாள். அம்மா சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். மிச்சப் பாதியும் பெரிசுதான்.

மாமாவுக்குப் போட்டி என்றால் ஒருவர்தான். வில்லிபுத்தூர்க்காரர். மாமாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மைக்கில் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆனால் அவர் குழாயில் கேட்டால், ரெக்கார்டில் பாடுகிறவர் மூச்சை இழுப்பதுகூடத் தனியாகக் கேட்கும். இளவட்டங்கள் மாமா பக்கம், பெரிய ஆட்கள் வில்லிபுத்தூர்க்காரர் பக்கம். மாமா அவரைப் பேர் சொல்லிக்கூடப் பேச மாட்டார். "அந்தாளு" என்பார். அந்தாளு செட்டுக்குள் ஒன்றுமே இல்லை, வெறும் டப்பா என்பார்.

இந்த வழக்கைச் சேத்தூரில் தீர்த்தார்கள். அங்கே கொடைக்கு இரண்டு செட்டையும் கூப்பிட்டிருந்தார்கள். கோயிலுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. மத்தியானம் முழுக்க இரண்டும் மாற்றி மாற்றிப் பாட வேண்டும். பொழுது சாயும் முன்னால் ஊர்ப் பெரியவர்கள் கண்மாய்க் கரையில் போய் நின்று காது கொடுப்பார்கள். எந்தச் செட்டு அங்கே வரைக்கும் தெளிவாகக் கேட்கிறதோ அதற்கு மாலை. அவ்வளவுதான் சட்டம்.

நானும் அம்மாவோடு போயிருந்தேன். எனக்கு ஏழு வயது. மத்தியானம் அவசரமாக ஒண்ணுக்கு வந்து கண்மாய்ப் பக்கத்துப் புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கியபோது, மாமா அதே மரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் துண்டைச் சுற்றியிருந்தார். அங்கே வில்லிபுத்தூர்க்காரரின் குழாய் கட்டியிருந்தது. பின்பக்கத்தில் இருந்த இரண்டு வயரையும் வெடுக்கென்று உருவினார், அழகாக மடித்தார், குழாயைக் கட்டியிருந்த கயிற்று முடிச்சுக்குள் சொருகினார், விரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். கீழேயிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. இறங்கி, சட்டையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். என்னை அவர் பார்க்கவில்லை. நானும் அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. மரம் ஏறுவது, குழாய் கட்டுவது, ரெக்கார்டைத் துடைப்பது போல அதுவும் மைக் செட் வேலையில் ஒரு வேலை என்று நினைத்தேன்.

மாலை மாமாவுக்குத்தான் விழுந்தது. தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அடுத்த வாரமே பெயின்டரைக் கூப்பிட்டு, ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் முகப்பில் சிவப்பும் மஞ்சளுமாக 'சேத்தூர் வென்றான்' என்று எழுதிவிட்டார். பொறவு என்ன, வாசலில் எப்போதும் இரண்டு மூன்று சைக்கிள் நின்றது. வில்லிபுத்தூர்க்காரர் அதற்கு மேல் போட்டிக்கே போவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்த வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு மாமா, அம்மா, நான் மூன்று பேரும் பஸ் ஏறி வில்லிபுத்தூர் போனோம். ரத வீதி நெடுக வில்லிபுத்தூர்க்காரரின் குழாய்கள். ஒரு கடைத்தெருவின் தண்ணீர்ப் பந்தலில் அவர் செட்டு வைத்திருந்தார். பந்தலைப் பார்த்ததும் மாமா எதிர் ஓரத்துக்கு மாறி நடந்தார். "அந்தப் பந்தல் நெழல்ல என் காலு படாதுக்கா" என்று அம்மாவிடம் வேறு சொன்னார். அம்மா, "வெயில்ல காஞ்சு போ, எனக்கென்ன" என்று மோர் வாங்கிக் குடித்தாள்.

அம்மா வளையல் கடையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா வளையல் பார்த்தால் அதற்குள் தேர் ஒரு தெருவைத் தாண்டிவிடும். மாமா அவள் பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. தலைக்கு மேலே அந்தாளு குழாய் கணீரென்று பாடிக்கொண்டிருக்கிறது, மாமாவோ பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சரி, அவருக்கு இன்றைக்கு நேரமில்லை, அவர் வேலையை நாமே செய்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன்.

குழாய்கள் எல்லாம் உயரத்தில் இருந்தன. அண்ணாந்து வயரைப் பார்த்துக்கொண்டே கம்பம் கம்பமாகப் போனேன். கூட்டம் இடித்தது, திட்டியது, ஒரு ஆச்சி காதைக்கூடத் திருகினாள். நான் வயரை விடவில்லை. மடவார் வளாகம் கோயிலுக்குப் போகிற பாதையில் அந்த வயர் முடிந்தது. அங்கே கம்பம் இல்லாததால், வைக்கோல் கடை வாசலில் அவிழ்த்துப் போட்டிருந்த மாட்டுவண்டியின் முளைக்குச்சியில் கடைசிக் குழாயைக் கட்டியிருந்தார்கள். எனக்கென்றே கட்டியது போல இருந்தது.

வண்டியில் ஏறி வயரைத் தொட்டேன். சுர்ரென்று முழங்கை வரைக்கும் ஏறியது. கையை உதறிவிட்டு, மாமா துண்டு சுற்றியது ஞாபகம் வந்து, பாவாடையை மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு உருவினேன். பாட்டு நின்றது. இரண்டு வயரையும் மடித்தேன், முடிச்சுக்குள் சொருகினேன், விரலால் ஒரு அமுக்கு. அடடா, மாமா பார்த்திருந்தால் கட்டிக்கொண்டிருப்பார்!

திரும்பிப் போகலாம் என்று பார்த்தால் வந்த வழி தெரியவில்லை. அதற்குள் செட்டு வேலையாள் ஒருவன் குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தான். பிடித்தால் போலீஸ்தான் என்று வண்டியில் கிடந்த வைக்கோலுக்குள் புகுந்துகொண்டேன். அவன் முடிச்சைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான், போய்விட்டான். அப்புறமும் நான் வெளியே வரவில்லை. தூரத்தில் வேறு குழாய்களில் பாட்டு நின்று யாரோ பேசுவது கேட்டது. என்ன பேச்சு என்று புரியவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த குழாயைத்தான் நானே ஊமையாக்கி வைத்திருந்தேனே.

அந்த நேரத்தில் பந்தலில் நடந்ததை அம்மா பின்னாட்களில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னைக் காணோம் என்றதும் அம்மா வளையலைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். தேர்க்கூட்டம். தேங்காய் உடைத்தால் தரையில் விழாது. மாமா நான்கு பக்கமும் ஓடிப் பார்த்துவிட்டு, நேரே அந்தப் பந்தலுக்குள் போய் நின்றிருக்கிறார். நிழலாவது ஒன்றாவது. "அண்ணாச்சி, எங்கக்கா புள்ளயக் காணோம்" என்றாராம். 'அந்தாளு' அண்ணாச்சியானது அப்போதுதான். வில்லிபுத்தூர்க்காரர் உடனே ரெக்கார்டிலிருந்து ஊசியை எடுத்துவிட்டு மைக்கை மாமா கையில் கொடுத்தார். ஊரையே ஆட வைத்த மாமாவுக்குப் பேச்சு வரவில்லை. வாய் திறந்து திறந்து மூடியது. கடைசியில் வில்லிபுத்தூர்க்காரரே, வாழ்க்கையில் முதல் தடவையாக, மைக்கில் பேசினார். பச்சைப் பாவாடை, எட்டு வயசு, ராஜபாளையம் என்று.

அப்போதுதான் அந்த வேலையாள் வந்தான். "கடேசிக் கொழாய் பேசலண்ணே. வயரு அந்து தொங்கல. மடிச்சுக் கயித்துக்குள்ள சொருகியிருக்கு. நீங்க கழட்டச் சொன்னீகளோன்னு விட்டுட்டு வந்துட்டேன்."

அம்மாவுக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. மாமா மட்டும் விறைத்துப்போய்விட்டாராம். குழாய் வயரில் எம்புட்டுக் கரண்டு ஓடும் என்று அவருக்குத் தெரியும். செத்த நேரம் சும்மா இருந்திருந்தால் சேத்தூர் விஷயம் யாருக்கும் தெரிந்திருக்காது. "அண்ணாச்சி, புள்ள அங்கதான் இருக்கு. அப்படி மடிச்சுச் சொருகுறது நாந்தான். சேத்தூர்ல சொருகுனதும் நாந்தான். பாத்திருக்கா போல. வண்டிய எடுங்க" என்றிருக்கிறார்.

வைக்கோல் இடுக்கு வழியாக நான் பார்த்தது இதைத்தான்: வில்லிபுத்தூர்க்காரர் மொபெட்டில் வருகிறார், பின்னால் என் மாமா. மாமாவைப் பிடித்துவிட்டார்கள்! வண்டி நிற்கும் முன்னே மாமா குதித்து, வைக்கோலை அள்ளி வீசி, என் இரண்டு கையையும் பிடித்து விரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி விரித்துப் பார்த்தார். சாட்சி தேடுகிறார் என்று நினைத்தேன். மாமாவைக் காப்பாற்ற வேண்டுமே என்று வில்லிபுத்தூர்க்காரரைப் பார்த்துக் கத்தினேன்: "நாந்தான் புடுங்குனேன்! மாமா ஒண்ணும் சொல்லல! மாமா சேத்தூர்ல மட்டுந்தான் புடுங்குனாரு!"

மாமா தலையைக் குனிந்துகொண்டு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். வில்லிபுத்தூர்க்காரர் வண்டியில் ஏறினார். சொருகியிருந்த வயரை எடுத்துக் கொஞ்ச நேரம் அந்த மடிப்பையே பார்த்தார். பிறகு, "ஏ தம்பி, அன்னைக்குப் பயலுக அவுத்துட்டு வந்த கொழாய் யூனிட்ட வீட்டுல வச்சு எத்தன தடவ கழட்டி மாட்டுனேன் தெரியுமா? கோளாறே இல்ல. கோளாறே இல்லாத எடத்துல கோளாறத் தேடிக்கிட்டு ஒரு வருஷமா உக்காந்திருக்கேன். கை போயிருச்சு, காது போயிருச்சுன்னு தொழிலயே விட்டுரலாம்னு இருந்தேன்யா" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். வயரைப் புடுங்கியது தெரிந்த பிறகு ஒரு மனுஷன் ஏன் இத்தனை சந்தோஷப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் போலீஸ் வராது என்று மட்டும் விளங்கியது. பெரிய நிம்மதி.

அவர் வயரை மாட்டி முறுக்கியதுமே குழாய் என் காதுக்குள் அலறியது: "பச்சைப் பாவாடை, எட்டு வயசு..." வேலையாளின் குரல். "மாமா, அது நானு" என்றேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

மூன்று பேரும் மொபெட்டில் பந்தலுக்குப் போனோம். அம்மா என்னை முதலில் அடித்தாள், பொறவு கட்டிக்கொண்டாள், பொறவு ஞாபகம் வந்து இன்னொரு அடி. வில்லிபுத்தூர்க்காரர் எனக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்தார். மாமா அந்தப் பந்தல் நிழலிலேயே பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தார்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பெட்டியில் 'சேத்தூர் வென்றான்' இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல வெறும் மரம் தெரிந்தது. எனக்கு அந்தப் பெயின்டர் மேல் அப்படி ஒரு ஆத்திரம். ஒரு வருஷம்கூட நிற்காத பெயின்டை அடித்து மாமாவை ஏமாற்றிவிட்டானே! சாக்பீஸை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கொட்டை எழுத்தில் நானே திரும்ப எழுதினேன். கோணாமல் வந்தது.

மாமா உள்ளே வந்து பார்த்தார். "எழுத்து நல்லாருக்குட்டி" என்றார். பிறகு ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து என் கையில் கொடுத்து, "நீயே தொடச்சிரு தாயி. நீ எழுதினத என்னால அழிக்க ஏலாது" என்றார்.

நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு ஏன் அழிக்கச் சொல்கிறார்? கேட்டேன். அவரோ மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு போய் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் மாமாவைத் திட்டிக்கொண்டே துடைத்தேன். 'சேத்தூர்' உடனே போய்விட்டது. 'வென்றான்' போக நேரமானது. அதை மட்டும் நன்றாக அழுத்தி எழுதியிருந்தேன்.