வீங்காத கை

பதினெட்டு வயதில் எனக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதை என் சொந்த அக்காதான் கெடுத்தாள். நேராகவே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசும் வயதெல்லாம் எனக்குப் போய்விட்டது.

எழுபதுகளின் நடுவில் பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் இருந்தோம். அக்கா அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு பஞ்சாலைக்குப் போய்வந்தாள். அவளுக்கு இழுப்பு. பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை, அலர்ஜி என்று சொல்லி ஒரு டாக்டர் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார். அதைப் போட்டால் மூச்சு சீராகிவிடும். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததால் இழுப்பு விஷயம் வெளியே போகக்கூடாது என்பது வீட்டில் சட்டம்.

அப்போது எங்கள் முன்னறையில் வாடகைக்கு இருந்தவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. வீட்டில் எல்லோரையும் கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். முன்கையில் தோலுக்கடியில் ஊசி போட்டு, மூன்றாம் நாள் வீக்கத்தை அளப்பார்கள்; வீங்கினால் உடம்பில் கிருமி இருக்கிறது என்று அர்த்தம். வரிசையில் தெருக்காரர்களும் நின்றார்கள்.

"இருமல் உண்டா? மாத்திரை ஏதும் சாப்பிடுறியாம்மா?" என்று தாதி அக்காவைக் கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல மிஸ்ஸி."

பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் கெட்டுவிடக்கூடாதே.

மூன்றாம் நாள் என் கை தடித்துச் சிவந்திருந்தது. அக்காவின் கை வழவழவென்று இருந்தது. எனக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சு சுத்தம், கிருமி உள்ளே புகுந்திருக்கிறது, ஆனால் நோய் இல்லை என்று தாதி பொறுமையாகத்தான் சொன்னாள். யார் காதில் வாங்கினார்கள்?

"அந்த மனுஷனுக்குக் காப்பி கொண்டு போய்க் குடுத்து, நின்னு பல்லைக் காட்டினா இப்படித்தான்லா," என்றாள் அம்மா. எனக்குத் தட்டு தனி, பாய் தனி. அதுவரை அக்காவும் நானும் ஒரே பாய். கல்லூரியில் சேர மருத்துவச் சோதனை உண்டு. அங்கே விஷயம் வெளிப்பட்டால் மாப்பிள்ளை வீடு பின்வாங்கிவிடும் என்று அம்மா என்னை அனுப்பவே இல்லை. அழுது பார்த்தேன், பட்டினி கிடந்து பார்த்தேன்.

"ஒரு வருஷம் பொறுத்துக்கோயேன்டி, இடம் எங்க ஓடிப் போவுது," என்றாள் அக்கா. அடுத்த வருடமும் மனுப் போட்டேன். எடுக்கவில்லை.

கல்யாணமான ஐந்தாம் மாதம் அக்கா ரத்தம் கக்கினாள். நெஞ்சில் காசநோய். மாத்திரையைப் பற்றிக் கேட்ட டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். இழுப்பை அடக்குகிற அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கிவிடுமாம். அதனால்தான் ஊசிக்குக் கை வீங்கவில்லை, உள்ளே கிருமி பெருகியிருக்கிறது. என் உடம்பு ஒழுங்காக எதிர்த்தது, வீங்கியது. அதற்குத்தான் எனக்கு அத்தனை தண்டனை.

வார்டுக்குப் போனேன். பார்க்கப் பாவமாக இருந்தது. தெரியாமல் நடந்ததுதானே என்று நானே ஆறுதல் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தெரியும்டி. ஊசி போடுறதுக்கு முன்னாலயே ரெண்டு தடவை இருமல்ல ரத்தம் வந்துச்சு. கை வீங்கலன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு."

"எனக்கு வீங்கினப்போ?"

கொஞ்ச நேரம் இருமினாள்.

"அதுவும் நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன். எல்லாரும் உன்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."