முன்னால் வந்து முகம் காட்டியவன்

கவரப்பேட்டை கடையில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தேவசகாயத்தின் மனைவி மேரி போன் செய்தாள். "அண்ணே, அவரு பூட்டாரு" என்றாள். இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கும்மிடிப்பூண்டியில் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் அவனோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் சொல்கிறேன்: துக்கத்தை விழுங்கிவிட்டேன், அருவருப்புதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

மிஷினில் கை வைத்திருப்பவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. திடுக்கிட்டால் விரல் போச்சு. சுற்றி வந்து முகத்தைக் காட்டிவிட்டுத்தான் பேச வேண்டும். இதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒருமுறை முதலாளியே பின்னாலிருந்து தோளைத் தொட்டார். மிஷினை நிறுத்திவிட்டு, "முன்னால வா சார், போன விரலு உன் ஆபீஸ்ல கெடைக்காது" என்றான். நாம் தட்டிய கைதட்டல் மீஞ்சூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்பேர்ப்பட்டவனுக்கு மூளையில் ரத்தம் அடைத்து நினைவு போனது. நடந்ததை நினைப்பது ஒரு வகை, பேரும் பொருளும் தெரிவது ஒரு வகை, கை பழகியது இன்னொரு வகை, ஒன்று போனாலும் மற்றது இருக்கும் என்றார் டாக்டர். எட்டாவதோடு நின்றவன் நான். "அப்போ மனசுல பட்டது எதுல சேரும் சார்?" என்று கேட்டேன். டாக்டரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடந்தது மறந்தாலும் பட்டது தங்கிடும்" என்றார்.

ஒன்று போனாலும் மற்றது இருக்கும் என்று டாக்டர் சொன்னது உண்மைதான். மேரியின் பேரே அவனுக்கு மறந்துவிட்டது. ஆனால் அவள் அடுப்படியில் நின்றால், சுற்றிப் போய் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் தண்ணீர் கேட்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேரியின் தம்பி குடும்பத்தோடு வந்தான். பின்னாலிருந்து தேவசகாயத்தின் கண்ணைப் பொத்தி, "மாமா, நான் யாரு சொல்லு பாப்போம்" என்றான். இவன் ஏதோ பேர் சொல்ல, கூடம் முழுக்கச் சிரிப்பு. ஒருத்தி போனில் படம் பிடித்தாள். பிரியாணி தின்று, கை கழுவிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் வந்ததே அவனுக்கு மறந்துபோனது. ஆனால் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான்.

"இன்னாத்துக்கு அழுவுற?" என்று மேரி கேட்டாள்.

"தெர்ல. யாரோ இன்னாவோ பண்ட்டாங்க."

மேரி என்னிடம் வந்தாள். "எம் பேரு கூட அவருக்கு ஞாபகம் வர வேணாம்ண்ணே. அழாம இருந்தா போதும்" என்றாள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவன் வீட்டு கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என்னைத் தாண்டி எம்.எல்.ஏ. கூட உள்ளே போயிருக்க முடியாது.

சாவு வீட்டுக்குக் கேட் ஏது? பெட்டியின் தலைமாட்டில் அதே தம்பி, அழுதுகொண்டே குனிந்து, "மாமா, யாரு வந்துக்கிறாங்கன்னு பாரு" என்கிறான். செத்தவனுக்கும் பரீட்சை! சட்டையைப் பிடித்து இழுத்து வாசலில் விட்டேன். பிறகு கால்மாட்டுக்குப் போய், அவன் பார்க்கிற மாதிரி நின்றேன். எதுவும் கேட்கவில்லை. மேரியும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

நேற்று என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்னை அறியாமல் சுற்றிப் போய் அவள் முன்னால் நின்றேன்.

"இன்னாய்யா புதுசா?" என்றாள்.

இது தேவசகாயத்துடையது என்றேன்.