பத்து மீட்டர் பச்சை

போன வாரம் என் அக்கா மகள் யாழினி சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். ஒரு தோளில் லேப்டாப், இன்னொரு தோளில் தண்ணீர் பாட்டில், தலையில் பெரிய தொப்பி. "மாமா, காஞ்சிபுரத்தைச் சுத்திக் காட்டணும்" என்றாள்.

கோயிலா, பட்டுப்புடவையா என்று கேட்டேன். இரண்டும் இல்லையாம். முள்காடு, காய்ந்த ஏரி, புது லேஅவுட்... இப்படிப்பட்ட இடங்களாகப் பார்க்க வேண்டுமாம். படிப்பு அப்படி!

சாட்டிலைட் படங்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். வெயிலும் மழையும் தாறுமாறாகிவிட்டன. வயலெல்லாம் மனையாகிவிட்டது. இதனால் இந்த வட்டாரத்தில் எங்கே பச்சை குறைந்தது, எங்கே கூடியது? அதுதான் அவள் கேள்வி. கம்ப்யூட்டர் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது — நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். அதற்குத்தான் ஒரு ஆட்டோவும் நானும்.

மாகறல் பக்கம் ஒரு வரப்பில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பைக்கில் போன ஒருவர் சட்டென்று பிரேக் போட்டார்.

"இன்னாமா அளந்துக்கினு இருக்கீங்க? ரோடு கீடு வருதா?"

"இல்லீங்க, செடி கொடி எவ்வளவு இருக்குன்னு பார்க்கறேன்."

அவர் நம்பவில்லை. நாங்கள் ஆட்டோவில் ஏறும்வரை முறைத்துக்கொண்டே நின்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? இங்கே யார் எதை அளந்தாலும் கொஞ்ச நாளில் கல் நட்டுவிடுகிறார்களே!

யாழினியின் வரைபடத்தில் நல்ல செய்தி குறைவு. வயல் இருந்த இடம் பழுப்பு. ஏரி பச்சையாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டால், அது ஆகாயத்தாமரையாம். "பச்சையா இருக்கறதெல்லாம் நல்லதில்லை மாமா" என்றாள். சரிதான் என்று தலையாட்டி வைத்தேன்.

கடைசியாக ஊர் ஓரத்தில் ஒரு இடம் பாக்கி. அதைக் காட்டும்போது மட்டும் அவள் முகத்தில் சிரிப்பு.

"இதுதான் எனக்குப் புரியல மாமா. ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு கோடையில பச்சை திடுதிப்புனு விழுது. ஒவ்வொரு படத்துலயும் கொஞ்சம், பட்டை பட்டையா. லேஅவுட்டுக்கு முள்ளு வெட்டினா இப்படித்தான் இருக்கும். ஆனா லேஅவுட்னா அப்புறம் பச்சை திரும்பி வராது. இங்க வந்திருக்கு, முன்னைவிட ஜாஸ்தியா! யாரோ நல்ல மனுஷங்க தோப்பு வெச்சிருக்காங்க."

நான் எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் போகிற ரோடு தெரிந்தது, சுற்றுச்சுவர் தெரிந்தது.

அது கபர்ஸ்தான். எங்கள் ஊர் முஸ்லிம்களின் அடக்கஸ்தலம். இருபத்தொன்றாம் வருடக் கோடை என்றால்... கொரோனா இரண்டாவது அலை. வேறென்ன?

சலீம் பாய்க்கு போன் போட்டேன். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்கு நடுவே சின்னதாக டெய்லர் கடை வைத்திருப்பவர். என் மனைவியின் ஜாக்கெட்டெல்லாம் அவர் தைத்ததுதான். அவர் மனைவி நூர்ஜஹான் அதே கடையில் உட்கார்ந்து புடவை முந்தானைகளுக்குக் குச்சு கட்டுவார். அந்த மே மாதம் இருவரையும் ஒரே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாய் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு ஒரு வார்டில் கிடந்தபோது, இன்னொரு வார்டில் நூர்ஜஹான் இறந்துபோனார். இவ்வளவு எனக்குத் தெரியும்.

பாய் பள்ளிவாசல் ஜமாத்தில் சொல்லி அனுமதி வாங்கி, சாவியோடு வந்தார். யாழினி தொப்பியைக் கழற்றிவிட்டு துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டாள். கேட்டைத் திறந்துவிட்ட பாய் வெளியிலேயே நின்றார்.

"மூலையில தெரியுது பாருங்க, அதான். சுவரோரமாவே போங்க சார். நான் இங்கயே இருக்கேன்."

போனோம். ஆள் உயரத்தைத் தாண்டிய பூவரச மரங்கள். மஞ்சள் பூவும் பழுத்த இலையுமாக நிழல் கட்டி நின்றன. தோப்பு மாதிரிதான் இருந்தது.

அடக்கம் செய்த மண்ணின்மேல் ஒரு பச்சைக் கிளையை நடுவது அவர்கள் வழக்கம். அந்தக் கோடையில் இடம் போதாமல், முள்காட்டை ஜேசிபி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஆழமாகத் தோண்டி அடக்கம் செய்தார்கள். கவச உடை போட்ட தன்னார்வ இளைஞர்கள், வேலியில் கைக்கெட்டிய பூவரசை ஒடித்து நட்டுவிட்டு அடுத்த ஆம்புலன்ஸுக்கு ஓடினார்கள். சில கிளைகள் பட்டுப்போயின. பிற்பாடு வந்த உறவினர்கள் உத்தேசமாக வேறு நட்டார்கள். அப்புறம் பெய்த மழையில் வேர் பிடித்தது பிடித்தது. எது யாருக்காக நட்டது என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

நான் சொல்லச் சொல்ல யாழினி போனை இறக்கிவிட்டாள். "தோப்புன்னு சொல்லிட்டேனே மாமா" என்றாள்.

கேட்டுக்குத் திரும்பினோம். பாய் அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, உங்க சாட்டிலைட்டு அப்பவும் மேல சுத்திக்கினுதான் இருந்துச்சா?"

"ஆமா அங்கிள்."

"அப்ப அது பாத்திருக்கும் இல்ல? நான் பாக்கலமா. எம் பையனயும் கிட்ட வுடல. பொதச்ச பசங்களுக்கும் நெனப்பு இல்ல, பாவம், அத்தினி பேரு. கபுர, அதான் பொதச்ச எடத்த, மிதிக்கக் கூடாதுமா. அவ எங்க இருக்கான்னே தெரியாம எப்படி நடக்கறது? அதான் நான் அந்தப் பக்கமே போறதில்ல. இப்படியே கேட்டாண்ட நின்னு ஓதிட்டுப் போய்டுவேன்."

இதுதான் எனக்குத் தெரியாதது. கடைக்குப் போகும்போதெல்லாம் சிரித்த முகமாக டேப்பை எடுக்கிற மனிதர், இத்தனை வருடமாக மனைவியின் கபுருக்குப் போக வழி தெரியாமல் கேட்டிலேயே நின்றிருக்கிறார்.

யாழினி அங்கேயே படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். "எந்தத் தேதி அங்கிள்?" கேட்டு முடிப்பதற்குள் பாய் சொல்லிவிட்டார், கிழமையோடு.

அந்தத் தேதிக்கு முந்தைய படம், பிந்தைய படம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"சாட்டிலைட்டுக்கு ஒரு ஆள் தெரியாது அங்கிள். ஒரு கட்டம் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். அதுக்குள்ள இருக்கறதெல்லாம் சேர்ந்து ஒரே கலராத்தான் தெரியும். ஆனா இந்த ரெண்டு படத்துக்கும் நடுவுல புதுசா முள்ளு எடுத்தது இந்த ஒரு கட்டத்துல மட்டும்தான். அப்ப வெட்டின எடத்துலதான் அடக்கம் பண்ணாங்கன்னா... இங்கதான் இருக்கணும். போன் காட்டறதுலயும் கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். உறுதியா சொல்ல முடியாது அங்கிள்."

எனக்கு ஆத்திரம் வந்தது. உறுதியாகத்தான் சொல்லித் தொலையேன், என்ன குறைந்துவிடும்? ஆனால் பாய் கோபப்படவில்லை.

"முன்ன பின்ன இருக்கட்டும்மா. எங்க நிக்கணும்? அத மட்டும் சொல்லு."

யாழினி போனைப் பார்த்துக்கொண்டே சுவரோரமாக நடந்தாள். பாய் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனார். ஓரிடத்தில் அவள் நின்று, "இங்கேருந்து அந்த மரம் வரைக்கும்" என்று கை காட்டினாள். உள்ளே ஐந்தாறு பூவரசு இருந்தது.

பாய் அதற்குள் கால் வைக்கவில்லை. ஓரத்திலேயே நின்று சலாம் சொன்னார். கையேந்தி ஓதினார். அப்புறம் வீட்டில் பேசுகிற உருதுவில் ஏதோ சொன்னார், நிறையச் சொன்னார். எனக்குப் புரிந்தது "நூரு" என்ற பெயர் மட்டும்தான். சொல்லிக்கொண்டே இருந்தவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். நாங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டோம்.

வெளியே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கட்டத்துல வேற யார் யாரோவும் இருப்பாங்க இல்லமா? அவங்களுக்கும் சேத்துதான் ஓதினேன்" என்றார்.

பாய்க்கு இப்போது எந்தப் பக்கம் திரும்பி அழ வேண்டும் என்று தெரியும். அந்தக் கோடையில் ஆளைப் பறிகொடுத்த எத்தனையோ வீடுகளில்... இன்னும் அதுகூடத் தெரியாது.