பள்ளிக்குப் பொறுப்பாளர் எங்கள் அம்மா

எங்கள் அம்மா இல்லாத முதல் ஆண்டு முடிந்துவிட்டது. அவரைப் புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. புகழாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. ஆகவே கொஞ்சம் கிண்டலும் கலந்தே எழுதுகிறேன். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஆறாம் வகுப்போடு பால்மரம் வெட்டப் போனார். ராணுவத்தில் லோரி ஓட்டிய அப்பாவைக் கைப்பிடித்த பின், முகாம் முகாமாகப் பெட்டி கட்டினார். நானும் தம்பியும் நான்கு ஊர்ப் பள்ளிகளில் படித்தோம். பாதியில் போய்ச் சேரும் பிள்ளைகளுக்கு எந்த ஊரிலும் கடைசி மேசைதான். அந்த வருத்தம் அம்மாவுக்கு இறுதிவரை இருந்தது.

அப்பா ஓய்வு பெற்று நாங்கள் புக்கிட் ரம்பாயில் குடியேறிய பிறகு, சிப்பாய்களின் மனைவியர் மூவர் அங்கிருந்த முகாமுக்கு வெளியே ஒரு கடைவீட்டில் பாலர் பள்ளி தொடங்கினார்கள். ராணுவத்தார் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. ஊர்க் கடைக்காரர்களின் நன்கொடையில் நடந்தது. காலைப் பசியாறல் அம்மாவின் பொறுப்பு. பதிவுப் பாரத்தில் பெயர் எழுத அழைத்தபோது, "நான் சமைக்கிறவ, எனக்கெதுக்குக் கையெழுத்து?" என்று நழுவிவிட்டார். மூவர் பெயரில் பள்ளி பதிவானது. ராணுவத்தாரின் மனைவியர் ஓரிடத்தில் நிலைக்க மாட்டார்கள் என்பதை அத்தனை பேரும் மறந்துபோனதுதான் வேடிக்கை.

அடுத்த ஆண்டே அந்தப் பட்டாளம் கடல் தாண்டிச் சரவாக்குக்கு மாற, முகாமுக்கு வேறு பட்டாளம் வந்தது. மூவரும் போய்விட்டார்கள். ஆய்வுக்கு வந்த கல்வி அலுவலக அதிகாரி ஒரு தமிழ்ப் பெண்மணி.

"அம்மா, இந்த ஸ்கூலுக்கு யாரு பொறுப்பு?"

"எல்லாரும் டிரான்ஸ்பர்ல போய்ட்டாங்க லா."

"அப்போ சட்டப்படி இது ஸ்கூலே இல்லம்மா. முகாம்லயும் இது அவங்களோடது இல்லைனு எழுதிட்டாங்க. இங்கேயே இருக்கற ஒருத்தர் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா மாசக் கடைசியில மூடணும்."

வீட்டில் அப்பா தடுத்தார். "ஏதாச்சும் ஆச்சுன்னா கோர்ட்டுக்கு நீதான் போகணும்."

"போறேன். உள்ள போட்டா அங்கேயும் சமைக்க ஆள் வேணும்ல?"

நோட்டில் ஒரு பக்கம் முழுக்கக் கையெழுத்துப் பழகிவிட்டுத்தான் அலுவலகம் போனார். தீயணைப்புத் துறைக் கடிதத்துக்கு மூன்று முறை அலைந்தார். ஊசி என்றாலே நடுங்குபவர், சமைப்பவர்களுக்கான டைபாய்டு ஊசியையும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்கொண்டார். பள்ளி பிழைத்தது.

சிறுநீரகக் கோளாறில் படுத்த கடைசி மாதத்தில் என்னிடம், "என் பேரு போச்சுன்னா ஸ்கூலும் போயிரும். நீ போடும்மா" என்றார். என் வேலைக்கு நடுவே இதெல்லாம் முடியுமா என்று நினைத்து, தலையணையைச் சரிசெய்தேன். அவர் கண் திறந்திருக்கும்போதே சரி என்று சொல்லியிருக்கலாம். அந்தக் குறை எனக்கு என்றும் தீராது.

அம்மாவைத் தங்கள் தாயாகப் பார்த்துக்கொண்ட டயாலிசிஸ் தாதியருக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சாப்பாடு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், சரவாக்கிலிருந்து விமானம் ஏறி வந்த அந்த மூவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். காரியம் முடிந்த மறுவாரம் கல்வி அலுவலகம் போனேன். அன்று ஆய்வுக்கு வந்த அதே அதிகாரிதான் பள்ளியின் பதிவுப் பாரத்தை எடுத்து வைத்தார். "பழைய பேர ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு, கீழ உங்க பேர எழுதுங்க" என்றார். அம்மாவின் பெயர் கோணலாக, தாள் பள்ளமாகும்படி அழுத்தி எழுதப்பட்டிருந்தது. தகனத்தன்று அழாமல் எல்லாரையும் கவனித்தவள் நான். அந்த மேசை முன்னால் அழுதுவிட்டேன்.

"நான் அடிக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார் அவர்.

வேண்டாம் என்று சொல்லி, என் அம்மாவின் பெயரை நானே அடித்தேன். மறுநாள் காலையில் பள்ளி திறந்திருந்தது.